பிரேக் நட்டை முறுக்கும் முன்பு

"பிரேக் இறங்கிடுச்சுண்ணே, கொஞ்சம் டைட் வச்சுக் குடுங்க."

காஞ்சிபுரத்தில் எந்த மெக்கானிக் கடை வாசலில் கால்மணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மெக்கானிக் குனிந்து, பின்சக்கரத்தின் ஓரமாக இருக்கும் அட்ஜஸ்டிங் நட்டை இரண்டு சுற்று சுற்றிவிடுவார். வண்டி கிளம்பிவிடும். என் பழைய 100 சிசி வண்டிக்கு நானும் ஒரு வருஷம் இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தை நோக்கிப் போகும்போது முன்னால் போன ஷேர் ஆட்டோ சட்டென்று நின்றது. பெடலை அடிவரை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பதற்றத்தில் முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். ரோட்டோர மணலில் முன்சக்கரம் வழுக்கிவிட்டது. பின்னால் இருந்த என் மைத்துனர், நெசவாளர் சங்கத்தில் கொடுக்கக் கொண்டுவந்த சேலைப் பையை மார்போடு அணைத்தபடியே விழுந்தார். முழங்கைச் சிராய்ப்போடு தப்பித்தோம். அன்று சாயங்காலம் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தபோது, பிரேக் ஷூவில் லைனர் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

பெடலை மிதித்தால் ராடு இழுக்கும். ராடு பிரேக் ஆர்மைத் திருப்பும். ஆர்மோடு சேர்ந்து உள்ளே இருக்கும் கேம் திரும்பி, இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உள்சுவரில் அழுத்தும். டிரம் பிரேக் என்பது இவ்வளவுதான். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனர் தேயத் தேய கேம் அதிகமாகத் திரும்ப வேண்டியிருக்கும், பெடல் இறங்கும். நட்டை முறுக்கினால் பெடல் பழைய உயரத்துக்கு வந்துவிடும், தேய்ந்த லைனர் தேய்ந்தபடியே இருக்கும். மிதித்த நிலையில் ராடும் ஆர்மும் செங்கோணத்தைத் தாண்டிவிட்டால், அதற்குப் பிறகு எவ்வளவு பலமாக மிதித்தாலும் அந்த பலம் ஷூவுக்கு முழுதாகப் போய்ச் சேராது.

ஆகவே நட்டைத் தொடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆர்ம் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறியும், பிரேக் பேனலில் ஒரு கோடும் இருக்கும். ஒருவர் பெடலை நன்றாக மிதிக்க, நீங்கள் குனிந்து பாருங்கள். அம்பு கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ மாற்றியே ஆகவேண்டும். சிலர் ஆர்மைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டித் தருவார்கள். சம்மதிக்காதீர்கள். கேம் அளவுக்கு மீறித் திரும்பினால், ஓடும்போதே சக்கரம் பூட்டிக்கொள்ளலாம்.

அம்பு தொடவில்லை, ஆனாலும் பிரேக் பிடிக்கவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. மிதித்த பெடல் மெதுவாகத் திரும்பி வந்தால், கேமில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கும் அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். லைனர் கண்ணாடிபோலப் பளபளத்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். பேரிங்கிலிருந்தோ கேமிலிருந்தோ கிரீஸ் கசிந்து லைனரில் ஊறிவிட்டால், பெட்ரோல் போட்டுக் கழுவி மாட்டுவதில் பயனில்லை, புது ஷூதான் வழி. டிரம்மும் தேயும். 110 மில்லிமீட்டர் டிரம் என்றால் உள்விட்டம் 111 வரை போகலாம். இந்த எல்லை பல ஹப்புகளின் உள்ளேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டிய டிரம்முக்குப் புது ஷூ போட்டும் பிரேக் சரியாகப் பிடிக்காது.

பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்காருகிறவருக்கு மிதிபலகை ஒரு விரற்கடை இறங்கினாலும் காலிலேயே தெரிந்துவிடும், கயிற்றைச் சரிசெய்யாமல் அடுத்த ஊடை ஓட்டமாட்டார். பிரேக் பெடலையும் அதே கால்தான் மிதிக்கிறது. அதில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வெறும் இறக்கம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குள் சுமார் 14 மீட்டர் போய்விடும் என்பதை நினைத்துக்கொண்டு சோதியுங்கள்.

பழைய வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்கக் காரணம் உண்டு. 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளில் 125 சிசி வரை சிபிஎஸ் (ஒன்றை அழுத்தினால் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிப்பது) அல்லது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), அதற்கு மேல் ஏபிஎஸ் கட்டாயமானது. அதற்கு முந்தைய சாதாரண வண்டிகளில் இரண்டு பிரேக்கும் தனித்தனி, ஒன்று தளர்ந்தால் மற்றொன்று தானாகக் கைகொடுக்காது. புது மோட்டார் சைக்கிள்கள் தயாராகும் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளுக்கு நம் ஊரிலிருந்து ஷிப்ட்டுக்குப் போகிறவர்களில் பலரிடம் இருப்பது இப்படிப்பட்ட பழைய வண்டிதான்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190(1)இன்படி, ஆபத்தான பழுது இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரண கவனத்தில் தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும், வண்டியை ஓட்டினால் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தப் பழுதால் விபத்து நடந்து யாருக்காவது காயம் ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வண்டியை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் ஒரு நிபந்தனை.

காசு கொடுத்து வேலை பார்க்கச் சொல்கிற உங்களுக்கும் உரிமை உண்டு. பில் கேளுங்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் காலம் குறிப்பிடாத நிலையில், 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். கழற்றிய பழைய ஷூவையும் புது ஷூ வந்த அட்டைப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலி உதிரிபாகம் என்று பின்னால் தெரியவந்தால் அவைதான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. முதலில் கடைக்காரரிடமே பேசிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் பதியலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஹப்பைத் திறந்ததும் காற்றடித்துத் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

மாட்டும்போதுதான் பல இடங்களில் அவசரம் காட்டுகிறார்கள். பெடலை மிதித்துப் பிடித்தபடி ஆக்ஸில் நட்டை இறுக்கினால் ஷூ நடுவில் வந்து அமரும். செயினை இறுக்கினால் சக்கரம் பின்னால் நகரும், பிரேக்கும் மாறும், மறுபடி அட்ஜஸ்ட் செய்யவேண்டும். பிரேக் பேனலைப் பிடித்திருக்கும் டார்க் ஆர்ம் போல்ட்டில் கோட்டர் பின் இல்லாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். அந்த போல்ட் கழன்றால் பேனலே சுழன்றுவிடும். புது லைனர் முழுக்கப் படியும்வரை பிடிப்பு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீரில் இறங்கி ஏறினால், லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டி டிரம்மை உலர்த்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை, நான் பெடலை மிதிக்க, மைத்துனர் பின்சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு அம்பைப் பார்ப்பார். அப்படியே பிரேக் விளக்கையும் பார்த்துக்கொள்வார். "கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா, லைட்டும் எரியுது" என்று அவர் சொன்ன பிறகுதான் சேலைப் பை வண்டியில் ஏறும்.