எந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்?

"ஏம்ப்பா, நம்ம வீட்டுல நீதான் படிச்சவன். பாப்பாவ ஆறாவதுக்கு எங்க சேர்க்கலாம்னு நீயே சொல்லு."

சென்ற ஏப்ரல் மாதம் அப்பா என்னிடம் கேட்டது இது. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பாப்பா என் தங்கை. ஸ்ரீரங்கத்தில் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தாள். அவளை மெட்ரிக் பள்ளியில் சேர்க்க அப்பா வட்டிக்குப் பணம் சொல்லி வைத்துவிட்டார். நான் பத்து நாள் டைம் கேட்டேன். அந்தப் பத்து நாளில் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நண்பர்களே, நாளை உங்கள் வீட்டிலும் இதே கேள்வி வரலாம்.

முதலில் பள்ளிகளின் வகை. அரசுப் பள்ளியை அரசே நடத்துகிறது; மாநகராட்சிப் பள்ளியை மாநகராட்சி நடத்துகிறது. (1994-இல் ஸ்ரீரங்கம், பொன்மலை நகராட்சிகள் திருச்சியோடு இணைந்துதான் மாநகராட்சி உருவானது.) அடுத்தது அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. ஸ்ரீரங்கம் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி, பிஷப் ஹீபர் போன்ற நம்ம ஊர்ப் பழைய பள்ளிகள் இந்த வகை. இவற்றில் ஆங்கில வழிப் பிரிவுக்குக் கட்டணம் இருக்கலாம், கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது, முழுக்கக் கட்டணத்தில் நடக்கும் மெட்ரிக் பள்ளி.

இதில் அப்பாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. முன்பு மெட்ரிக்குக்குத் தனிப் பாடத்திட்டம் இருந்தது. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, பத்தாவது வரை எல்லோருக்கும் சமச்சீர் பாடம்தான். அப்பா வட்டிக்கு வாங்கப் போனது, அரசுப் பள்ளியில் சும்மா கொடுக்கும் அதே பாடத்தைத்தான்!

"அப்ப பாஸ் பர்சன்டேஜ்? போர்டு வச்சிருக்காங்களே, நூத்துக்கு நூறுன்னு" என்றார் அப்பா. நியாயமான கேள்வி. ஆனால் வெர்னியர் காலிப்பரைக் கையில் எடுத்தால் நாம் முதலில் என்ன பார்ப்போம்? ஜீரோ எர்ரர். அதைப் பார்க்காமல் எடுத்த ரீடிங் செல்லாது. பள்ளிக்கும் அப்படித்தான்.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முதல் பள்ளியில் ஒன்பதாவதில் 60 பேர். பத்தாவது பரீட்சை எழுதியது 40 பேர், 40 பேரும் பாஸ். போர்டில் 100 சதவீதம். இரண்டாவது பள்ளியிலும் ஒன்பதாவதில் 60 பேர். எழுதியது 57, பாஸ் 54. போர்டில் சுமார் 95 சதவீதம். ஆனால் ஒன்பதாவதில் இருந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் முதல் பள்ளி 67, இரண்டாவது 90! அந்த இருபது பேர் எங்கே போனார்கள்? வீடு மாறிப் போயிருக்கலாம். "உங்க பையன் தேறமாட்டான்" என்று டி.சி. கொடுத்தும் அனுப்பியிருக்கலாம். கேட்டால்தான் தெரியும். மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-இல் நிறுத்திவிட்டது.

அதற்காக அரசுப் பள்ளி என்றாலே உசத்தி என்று நான் சொல்லவில்லை. நான் படித்த அரசுப் பள்ளியில் பத்தாவதில் அரை வருஷம் கணக்கு வாத்தியார் இல்லை. முதலாமாண்டு கணக்குப் பேப்பரில் நான் பட்ட பாடு என் பெஞ்சு நண்பர்களுக்குத் தெரியும். ஆகவே, போய்ப் பார்க்க வேண்டும். நான் ஒரு நோட்டோடு மூன்று பள்ளிகளுக்குப் போனேன். கேட்டவை இவை:

1. கணக்கு, அறிவியல் ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியராவது இருக்க வேண்டும்.
2. பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை இருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா?
3. லேப் திறந்திருக்கிறதா, பூட்டில் துரு ஏறியிருக்கிறதா?
4. ஒன்பதாவதில் எத்தனை பேர், பத்தாவதில் எத்தனை பேர்?
5. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரமா?

பின்னால் கிடைக்கும் உதவியையும் பார்க்க வேண்டும். 2020-இல் மருத்துவத்திலும் 2021-இல் பொறியியல் போன்ற படிப்புகளிலும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உதவி பெறும் பள்ளிக்கு இல்லை. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1000 முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களை 2024 டிசம்பரில்தான் சேர்த்தார்கள். சத்துணவை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கி வைத்தது நம்ம திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான். மூட்டை கிடைக்காத நாளில் அந்தச் சோறு எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிசு என்று எனக்குத் தெரியும்.

மூன்றில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் இருந்தார், லேப் திறந்திருந்தது, எண்ணிக்கையை மறைக்காமல் சொன்னார்கள். அது அரசுப் பள்ளி. அப்பா அரைமனதாகத்தான் கையெழுத்துப் போட்டார். "காசு வாங்காத எடத்துல என்னத்த சொல்லிக் குடுப்பாங்க?" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார். ஆனால் வட்டிப் பணம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

போன வாரம் நான் காலேஜுக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். "தம்பி, பாப்பா ஒன்பதாவது வர்றப்ப இன்னொரு தடவ போயி எண்ணிப் பாத்துட்டு வந்துரு" என்றார்.

நண்பர்களே, நமக்குப் பள்ளி தேடித்தர வீட்டில் ஆள் இல்லை. நம் தம்பி தங்கைகளுக்கு நாம் இருக்கிறோம். போர்டைப் பார்க்காதீர்கள், உள்ளே போய் எண்ணிப் பாருங்கள்.

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை