பிசிறு இடம் மாறிய கதை

விண்டோஸ் 98 காலத்தில், திரையின் கீழ் மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை இரண்டு முறை தட்டினால் ஒரு பலகை விரியும். வால்யூம் கண்ட்ரோல், வேவ், மிடி, சிடி ஆடியோ, லைன் இன் என்று வரிசையாகச் செங்குத்துப் பட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மியூட் பெட்டி. எம்பி3 பாட்டு வேவ் பட்டை வழியாகத்தான் வரும். அதற்கு முன்பே பாட்டை ஒலிக்கும் வின்ஆம்ப் மென்பொருளில் ஒரு வால்யூம், அதன் ஈக்வலைசரில் ப்ரீஆம்ப். எல்லாம் தாண்டி ஸ்பீக்கர் பெட்டியில் ஒரு திருகு. காதுக்கு வந்து சேர்வதற்குள் பாட்டின் அளவு ஐந்து இடங்களில் கூடிக் குறையும்.

பலரும் ஐந்தையும் உச்சத்தில் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் கிழிகிறது என்று ஸ்பீக்கரைக் குறை சொன்னார்கள். கிழிந்தது பெரும்பாலும் அதற்கு முன்னாலேயே. 16 பிட் ஒலியில் ஒரு அலையின் உச்சத்தை 32,767 என்ற எண்ணுக்கு மேல் எழுதவே முடியாது. பாட்டு ஏற்கெனவே அந்த உச்சத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஈக்வலைசரில் பேஸை 6 டெசிபெல் ஏற்றினால் அந்தப் பகுதியில் அலையின் உயரம் இரு மடங்காகும். இடம் இல்லாததால் உச்சி மழுங்க வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலை மூலப் பாட்டில் இல்லாத புதிய அதிர்வெண்களைக் கிளப்பும். தவில் அடியும் பாடகரின் உச்சஸ்தாயியும் மணல் கலந்த சோறு போல நெறநெறக்கும். அதுதான் பிசிறு. பிறகு ஸ்பீக்கர் திருகைக் குறைத்தும் பயனில்லை. அதே சேதம் சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

விவரம் தெரிந்தவர்கள் பேஸை எவ்வளவு ஏற்றினார்களோ அவ்வளவு ப்ரீஆம்பை இறக்கினார்கள். வேவ் பட்டையை உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, வேண்டிய சத்தத்தை ஸ்பீக்கர் திருகில் எடுத்துக்கொண்டார்கள். அதிகமாக இறக்கினாலும் ஆபத்து. திருகை ஏற்றும்போது சவுண்ட் கார்டின் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து ஏறிவிடும். இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைக் காதால் தேடிப் பிடிப்பது உண்மையிலேயே ஒரு கைப்பழக்கம்.

எம்பி3 சிடிக்கள் வந்தபோது வேறொரு தொல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்கள் ஒரே தட்டில். ஒன்று முணுமுணுக்கும், அடுத்தது அலறும். 2001இல் வந்த ரீப்ளேகெயின் முறை, காதுக்கு ஒரு பாட்டு எவ்வளவு சத்தமாகப் படுகிறது என்று அளந்து குறித்துவைத்தது. எம்பி3கெயின் என்ற சிறு மென்பொருள் கோப்பையே 1.5 டெசிபெல் படிகளில் ஏற்றி இறக்கியது. பாட்டைத் திரும்ப என்கோடு செய்யாமல், கோப்பில் உள்ள அளவு எண்ணை மட்டும் மாற்றும். வேண்டாமென்றால் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்தின் மிக நேர்த்தியான வேலைகளில் ஒன்றாக அதைச் சொல்வேன்.

இன்று இந்தக் கணக்கில் பெரும்பகுதியைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. 2007இல் வீடுகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதல், ஒலிகளைக் கலக்கும் வேலை 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் நடக்கிறது. நடுவழியில் எண் எல்லை மீறினாலும் வெட்டுப்படாது. கடைசிப் படிக்கு முன் இறக்கிவிட்டால் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். ஸ்பாட்டிஃபை தன் 'நார்மல்' அமைப்பில் பாடல்களை ஏறக்குறைய −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குப் படும் சத்தத்தின் அலகு) என்ற ஒரே அளவுக்குக் கொண்டுவந்து ஒலிக்கிறது.

ஆனால் பிசிறு ஒழிந்துவிடவில்லை. பாட்டுக்குள்ளேயே போய்க் குடியேறிவிட்டது. அடுத்தவரைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டியில், பாட்டுக்கு இறுதி மெருகூட்டும் மாஸ்டரிங் மேசையிலேயே உச்சிகளை நசுக்கத் தொடங்கினார்கள். 2008இல் வந்த மெட்டாலிகா இசைக்குழுவின் 'டெத் மேக்னடிக்' தொகுப்பில் ரசிகர்கள் இதைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டுக்காக வேறு கலவையில் வந்திருந்தன. அவை சிடியைவிடத் தெளிவாக ஒலித்தன. சிடியை வாங்கியவர் வீட்டில் எந்தப் பட்டையை இறக்கினாலும் அந்தச் சேதம் சரியாகாது. முன்பு தவறு கேட்பவர் கையில் இருந்தது, திருத்தமும் அவர் கையிலேயே இருந்தது. இப்போது இரண்டும் அவரிடம் இல்லை. இந்த மாற்றம் எனக்கு வருத்தம் தருகிறது.

இருந்தாலும் கேட்பவர் கையில் இன்னும் சில பட்டைகள் இருக்கின்றன. விஎல்சி பிளேயரில் வால்யூம் 100 சதவீதத்தைத் தாண்டினால் அதே பழைய வெட்டுதான். ஸ்பாட்டிஃபையில் உள்ள 'லவுட்' அமைப்பு −11க்கு ஏற்றி, உச்சிகளை அடக்க லிமிட்டரையும் போடுகிறது. அதை 'நார்மல்' ஆக்கிவிட்டு, வேண்டிய சத்தத்தை ஸ்பீக்கரில் கூட்டிக்கொள்ளலாம்.