பெரிய கொடுவா எல்லாம் தாய்
எல்லை நீர் – 23

பூண்டியில் விராலுக்குத் தூண்டில் போட்ட கதை போன வாரத்தோடு முடிந்தது. திருத்தணி மலையடிவாரத்து நந்தி ஆறு கொசஸ்தலையில் கலந்து, கொசஸ்தலை பூண்டியில் தேங்கி, மிச்சம் எண்ணூரில் கடல் சேர்வதைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள், மறுபடி சொல்லப்போவதில்லை. இந்த வாரம் பழவேற்காடு. ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் காயக் படகில் அந்தப் பெரிய ஏரிக்குள் இறங்கி, தூண்டிலில் கொடுவா பிடிப்பதைப் பற்றி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதற்காகப் படிக்க ஆரம்பித்தபோது கொடுவாவைப் பற்றிய ஒரு செய்தியில் மாட்டிக்கொண்டேன். நாலு நாளாக வேறு எதுவும் ஓடவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொடுவா ஆணாக வாழ்க்கையைத் தொடங்கிப் பெண்ணாக முடிக்கிறது. மூன்று, நான்கு வயதில் ஆணாகப் பருவமடைந்து, சில பருவங்கள் முகத்துவாரத்துக்குப் போய் இனம் பெருக்குகிறது. பிறகு ஆறேழு வயதில், நீளம் மூன்றடியை நெருங்கும் சமயத்தில், அதே மீன் பெண்ணாக மாறிவிடுகிறது. விந்து சுரந்த உறுப்பே குறுகிய காலத்தில் சினைப்பையாகிறது. இந்த வயதும் நீளமும் ஆஸ்திரேலியப் பக்கத்துக் கணக்கு. ஆசியாவில் இதைவிடச் சிறிய அளவிலேயே மாறுவதும், சில மீன்கள் ஆண் கட்டத்தைத் தொடாமலே பெண்ணாவதும் உண்டு. ஆனாலும் பெரும்பாலான கொடுவாக்களுக்கு வழி இதுதான்: முதலில் அப்பா, பின்னால் அம்மா.

ஆர். மூர் என்ற ஆய்வாளர் பப்புவா நியூ கினியில் பிடிபட்ட மீன்களைக் கொண்டு 1979-ல் இதை விரிவாக எழுதினார். சிறிய மீன்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்தன, பெரியவை பெரும்பாலும் பெண்களாக இருந்தன. நடுவில் அகப்பட்ட சில மீன்களின் உறுப்பில் இரண்டு திசுக்களும் ஒன்றாக இருந்தன. மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போதே பிடிபட்டவை அவை. அந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஏன் இப்படி? விந்துக்குப் பெரிய உடம்பு தேவையில்லை; இரண்டு மூன்று கிலோ மீனிடம் இருப்பதே தாராளம். முட்டைக்கு இடம் வேண்டும். கொடுவாவின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, தண்ணீரில் மிதப்பது; பெரிய பெண் ஒன்று பருவத்தில் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில்கூட விடும். அதனால் இளமையில் ஆணாக இருந்துவிட்டு, வயிறு பெருத்தபின் பெண்ணாவது இந்த மீனுக்குக் கட்டுப்படியாகிற வழி. களவா மீனில் இதே ஏற்பாடு தலைகீழ். அங்கே பெண்ணாகத் தொடங்கிப் பெரிய உடம்பு வந்தபின் ஆணாகிறது. பல பெண்களைத் தன்வசம் வைத்துக்கொள்ளப் பெரிய ஆணால்தான் முடியும். காசிமேட்டில் ஒரே கூடையில் கிடக்கும் இரண்டு மீன்கள் எதிரெதிர்த் திசையில் வாழ்ந்து முடித்திருக்கின்றன.

இதைப் பழவேற்காட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ஆவலோடு சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சின்னக் கொடுவாவ அறுத்தா உள்ள வெள்ளையா பால்சினை இருக்கும் தம்பி. பெருசுல மஞ்சச் சினை. சின்னதுல மஞ்சச் சினையே நான் பாத்ததில்லை" என்றார். "அப்ப சின்னது எல்லாம் ஆண்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா ஐயா?" என்றேன். "ஆணு வேற சாதி, பொண்ணு வேற சாதின்னு நெனச்சிருந்தேன். ஆணு வளராது போலன்னு. ஒரே மீனுன்னு நீ சொல்லித்தான் கேக்குறேன்" என்றவர் அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தார். "அப்ப பெருசப் புடிச்சா அத்தனையும் தாயாச்சே."

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை முழுவதும்.

நம் பக்கம் மீன்வளத்தைக் காப்பது என்று பேச்சு வந்தால், குஞ்சைப் பிடிக்காதே, வலைக்கண்ணைப் பெரிதாக்கு என்பதோடு நின்றுவிடுகிறது. மற்ற பல மீன்களுக்கு அது சரி. கொடுவாவுக்குப் பாதிதான் சரி. பெரியதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டே இருந்தால் ஏரியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஆண்களே. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் இதைப் புரிந்துகொண்டு இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார்கள். 58 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தாலும் திருப்பி விட வேண்டும், 120 சென்டிமீட்டருக்கு மேலே இருந்தாலும் திருப்பி விட வேண்டும். கீழ்க்கோடு ஆணாகப் பருவமடைய அவகாசம் கொடுக்கிறது. மேல்கோடு தாயைக் காக்கிறது. பழவேற்காட்டுக்கும் இப்படி ஒரு மேல்கோடு வேண்டும் என்பது என் கட்சி. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் தூண்டில்காரர்கள் தாங்களாகவே போட்டுக்கொள்ளலாம்.

காயக் இங்கேதான் வருகிறது. வலையில் சிக்கிய மீனுக்கு மறுவாழ்வு கிடைப்பது அபூர்வம். பெரிய படகிலிருந்து தூண்டில் போட்டால் மீனைத் தூக்கி உள்ளே போட்டுத்தான் பார்க்க முடியும். பலகையில் துள்ளி அடிபட்டபின் விட்டும் பயனில்லை. காயக்கில் உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு நீர்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. நம் கட்டுமரத்தில் உட்கார்ந்த மாதிரிதான், மரத்துக்குப் பதில் பிளாஸ்டிக். மீனைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் நிறுத்தி, முள்ளைக் கழற்றி, அனுப்பிவிடலாம்.

இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் கவனித்தால் போதும். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது சுலபமாகிவிடும். உலர்ந்த கையால் மீனைத் தொடாதீர்கள், மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும். படம் எடுப்பதற்காகத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடவே கூடாது. பத்துக் கிலோ மீனின் எடை முழுவதும் அந்தத் தாடையிலும் கழுத்திலும் இறங்குகிறது. வயிற்றுக்கடியில் இன்னொரு கை வேண்டும். உங்கள் கைக்கும் எச்சரிக்கை தேவை. கொடுவாவின் செவுள் மூடி விளிம்பு கத்தி. தங்கூசியை, அதாவது தூண்டில் நரம்பை, அறுத்துக்கொண்டு போவது பல்லால் அல்ல, அந்த விளிம்பால்தான். அதனால்தான் முள்ளை ஒட்டி ஒரு முழம் தடித்த நரம்பு கட்டுகிறோம்.

கடித்தவுடன் கொடுவா மேலே வந்து தலையை உதறும். பெரியதாக இருந்தால் காயக்கையே கொஞ்ச தூரம் இழுக்கும். கரையில் நின்றால் நரம்பு அறுந்திருக்கும் இடத்தில், இங்கே படகு நகர்ந்து கொடுப்பதால் இழுப்பின் வேகம் குறைகிறது. பிடிப்பவருக்கும் மீனுக்கும் இடையே இவ்வளவு நியாயமான ஆட்டம் வேறு எந்தப் படகிலும் இல்லை.

பிடித்ததைத் திரும்ப விடுவது எல்லா இடத்திலும் சரியல்ல. அமெரிக்கர்கள் பாஸ் என்று கொண்டாடுவது வேறு மீன், நன்னீர் மீன். அதன் எடையில் உலகச் சாதனையை 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி படைத்தார். 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அதைச் சமன் செய்தார். ஆனால் அந்த மீன் ஜப்பானுக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டது, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்ப்பது. அதனால் பிவா ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தில், பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடுவதுதான் தடை. கொடுவாவின் நெருங்கிய உறவான நைல் பெர்ச் மீனின் கதையும் இதுவே. அதை விக்டோரியா ஏரியில் கொண்டுபோய் விட்டபின் அங்கே மட்டும் இருந்த நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்கள் அழிந்துபோயின. வேண்டாத இடத்தில் விட்டால் நாசம். கொடுவா பழவேற்காட்டுக்குச் சொந்த மீன். இங்கே அதை விடுவது அதன் வீட்டில் விடுவது.

இனி ஏரி. நீளம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஏற்றவற்றத்துக்கும் பருவத்துக்கும் தக்கபடி 250 சதுர கிலோமீட்டரிலிருந்து 450 வரை விரிந்து சுருங்குகிறது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பரப்பைப் பார்த்து ஆழத்தை எண்ணிக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் இடுப்பளவுதான். ஆழமில்லாத அகன்ற நீரில் காற்று கிளம்பினால் அலை குட்டையாக, அடுக்கடுக்காக எழும். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு அங்கி போடாமல் காயக்கில் ஏறுபவரோடு நான் பேசவே தயாராக இல்லை.

நெரிசலான ஏரியும்கூட. ஃபைபர் படகுகள் முகத்துவாரத்துக்கும் கரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். இருளர் பெண்கள் நீரில் தவழ்ந்து கையாலேயே இறால் தடவிப் பிடித்து, பல்லில் கவ்விய ஓலைப் பறியில் போடுவார்கள். கழிகள் நட்டு வலை கட்டிய இடங்கள் வரிசையாக இருக்கும். அந்த இடங்கள் யாருடையவை என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. அதுதான் பாடு. எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. நல்ல இடம் ஒருவரிடமே தங்காமல் சுற்றிவரும். கழிகளின் நிழலில் கொடுவா ஒதுங்கும் என்பது உண்மை, அங்கே தூண்டில் வீசக் கை துறுதுறுக்கும் என்பதும் உண்மை. வீசக் கூடாது. அன்றைக்கு அந்த இடம் யாருக்கோ பத்து நாள் காத்திருந்து வந்த முறையாக இருக்கலாம். கரையில் முதலில் கேளுங்கள். எங்கே போகலாம் என்று அவர்களே கைகாட்டுவார்கள். ஏரியில் பறவைச் சரணாலயம் இருப்பதால் வனத்துறையிடமும் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். பூநாரைக் கூட்டத்துக்குள் துடுப்புப் போட்டுப் போவது எந்த மீனுக்காகவும் தகாது.

அப்படியானால் கொடுவாவைச் சாப்பிடவே கூடாதா என்று திருத்தணி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு நண்பர் கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997-லேயே கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. முட்டை பொரிய ஒரு நாள்கூடத் தேவையில்லை. அதன்பின்தான் வேலை: வேகமாக வளர்ந்த குஞ்சு தன் நீளத்தில் பாதிக்கு மேல் உள்ள கூடப்பிறந்ததையே விழுங்கிவிடும். சில நாளுக்கு ஒருமுறை சல்லடையில் சலித்து, பெரியதையும் சிறியதையும் தனித்தனித் தொட்டியில் பிரிக்க வேண்டும். இந்தத் தொல்லையெல்லாம் தாண்டி வளர்ந்து வருகிற ஒரு கிலோ பண்ணைக் கொடுவாவைக் குழம்பு வையுங்கள், வறுங்கள். ஏரியில் தூண்டிலில் வந்த இரண்டு கிலோ ஆணையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மூன்றடி தாண்டியதை மட்டும் விட்டுவிடுங்கள்.

நம் கொசஸ்தலையிலும் இந்த மீன் ஏறி வரக்கூடியதுதான். முகத்துவாரத்தில் பொரித்த குஞ்சு உப்பு குறைந்த நீரைத் தேடி ஆற்றில் மேலே போகும் சுபாவம் உள்ளது. வளர்ந்தபின் இனம் பெருக்க மறுபடி கடலோரம் இறங்கும். எண்ணூரில் நுழைகிற குஞ்சுக்கு வல்லூர் அணைக்கட்டு, தாமரைப்பாக்கம் அணைக்கட்டு, பூண்டி அணை என்று மூன்று தடுப்புகள் குறுக்கே நிற்கின்றன. நந்தி ஆறு வரை ஒரு கொடுவா வந்து சேர வழியே இல்லை. பழவேற்காட்டில் ஆற்றுக்குப் போகும் வழியைவிட, கடலுக்குப் போகும் வழிதான் பெரிய கவலை. முகத்துவாரம் மணல் மூடி அடைத்துக்கொண்டால் ஏரிக்குள் இருக்கும் தாய் முட்டை விட வெளியே போக முடியாது. வெளியே பொரித்தது உள்ளே வர முடியாது. மேல்கோடு போட்டுக் காப்பாற்றிய மீனும் அப்போது வீண்.

துடுப்பின் நீளம், எந்தக் காற்றில் இறங்கலாம், ஏறுநீரில் எங்கே வீசுவது என்று இந்த வாரம் வர வேண்டியவை எல்லாம் பாக்கி இருக்கின்றன. அவற்றை அடுத்த வாரம் முகத்துவாரத்தில் நின்றுகொண்டே பேசுவோம். நீரோட்டம் புரியாமல் துடுப்பைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. நாம் இறங்கும் பக்கத்தில் நீரோட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது அந்த வாய்தான்.

(தொடரும்)