வெளுத்த பவளம்

2022 ஜூலை 19. இங்கிலாந்தில் வெப்பம் முதன்முறையாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாள். செவன் கிங்ஸில் எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. வரவேற்பறையில் இருக்கும் உப்புநீர்த் தொட்டியின் வெப்பமானியைப் பார்த்தேன்: 31. வழக்கமாக 26-ஐத் தாண்டாது. அந்த வாரக் கடைசிக்குள், உள்ளங்கை அகலத்தில் பச்சையும் பழுப்புமாக இருந்த என் மூளைப் பவளம் எலும்பு போல வெளுத்துவிட்டது.

பவளம் என்றால் நம் இலக்கியத்துக்கு நினைவு வருவது துகிர், அதாவது நகைக்கான செம்பவளம். பாறை கட்டும் பவளம் வேறு. கல் போலத் தெரியும் அதன்மேல் மெல்லிய சதையாகப் படர்ந்திருப்பவை குட்டிக் குட்டி விலங்குகள். அவற்றின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தைக் கொண்டு சமைக்கிறது, விலங்குக்குப் பெரும்பங்கு சாப்பாடு அதிலிருந்துதான். பழுப்பு நிறமும் பாசியுடையதே. வெப்பம் கூடும்போது, பலத்த வெளிச்சத்தில் பாசியின் சமையல் கெட்டு நச்சு உண்டாகிறது. விலங்கு பாசியை வெளியேற்றிவிடுகிறது. கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளை எலும்பு தெரிகிறது. இதுதான் வெளுப்பு.

வெளுத்தது வேறு, செத்தது வேறு. இரவில் டார்ச் அடித்துப் பார்த்தேன். சதை முழுதாக இருந்தது, ஊசிமுனை போன்ற உணர்கொம்புகள் நீண்டிருந்தன. உயிர் இருக்கிறது, ஆனால் பட்டினி.

முதல் இரண்டு நாள் நான் செய்ததெல்லாம் தப்பு. ஐஸ் பாட்டில்களை மிதக்கவிட்டு ஒரு மணி நேரத்தில் நாலு டிகிரி இறக்கினேன். நிறம் வரட்டும் என்று விளக்கைக் கூட்டினேன். கணினிக்காரன் நான். ஒரே நேரத்தில் ஐந்து வரிகளை மாற்றினால் எது பிழையைத் தீர்த்தது என்று தெரியாது என அலுவலகத்தில் புதியவர்களுக்குச் சொல்பவன். வீட்டில் அது மறந்துபோயிற்று.

பிறகு நிதானத்துக்கு வந்து செய்தவை நான்கு.

ஒன்று, சூடு. மூடியைத் திறந்து, மேசை விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிட்டேன். மண்பானைத் தண்ணீர் குளிரும் அதே வித்தை. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்ததை உப்பில்லாத நீரால் நிரப்ப வேண்டும். குழாய்நீர் ஆகாது. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரையாமலிருக்க பிரிட்டனில் பரவலாக பாஸ்பேட் கலக்கிறார்கள். நமக்கு அது நல்லது, பவளத் தொட்டியிலோ வேண்டாத பாசிக்கு உரம். ஆர்.ஓ. நீர்தான் சரி.

இரண்டு, வெளிச்சம். பாதியாகக் குறைத்து, ஆறு வாரத்தில் மெல்ல மெல்லப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று, உணவு. விளக்கணைந்து உணர்கொம்புகள் வெளிவந்த பின், உறைந்த மைசிஸ் இறாலைக் கரைத்துப் பொடிப்பொடியாக ஊட்டினேன். வாரம் இருமுறைதான். மிஞ்சினால் அழுகி நீரைக் கெடுக்கும்.

நான்கு, கைவைக்காமல் இருப்பது. வாரம் பத்து சதவீத நீர் மாற்றம், அடர்த்தி 1.025, காரத்தன்மை ஏறி இறங்காமல் ஒரே நிலையில். வாங்கிவைத்த மருந்துகளைத் திறக்கவேயில்லை.

அம்மா தூத்துக்குடிக்காரி. தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அந்தக் கல்லுக்காடா இத்தனை பாடு? நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்சதே அதைச் சுட்ட சுண்ணாம்புலதானே!"

பொய்யில்லை. மன்னார் வளைகுடாவின் பவளத்தை வெட்டிக் காளவாசலில் சுட்டது நம் ஊர். 1986-ல் அங்கே 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 2001-ல் கடினப் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. வெட்டு ஓய்ந்த பிறகும் வெப்பம் விடவில்லை. 1998, 2010, 2016 ஆண்டுகளின் கோடைகளில் அங்கும் பவளம் வெளுத்தது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் உயிருள்ள துண்டுகளைச் சட்டங்களில் கட்டி நட்டு வருகிறார்கள். இங்கே தெற்கு லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில், நிலவொளியையும் பருவ வெப்பத்தையும் தொட்டிக்குள்ளேயே உண்டாக்கி, 2013-ல் பவளங்களை முட்டையிட வைத்தார்கள். தொட்டிக்குள் எல்லாவற்றுக்கும் திருகு உண்டு. வளைகுடாவுக்கு விசிறி வைக்க முடியாது.

நாலாம் வாரம் மூளைப் பவளத்தின் மடிப்புகளில் இளம்பழுப்பு தெரிந்தது. தீபாவளிக்குப் பச்சையும் வந்துவிட்டது. ஒரு விரலகல ஓரம் மட்டும் மீளவில்லை. நான் ஐஸ் பாட்டில் மிதக்கவிட்ட பக்கம் அது. சதை போய், அங்கே வெறும் சுண்ணாம்பு. அம்மா இப்போது போனில் என்னை விசாரிப்பதற்கு முன், "கல்லு எப்படி இருக்கு?" என்கிறாள்.