தசைச் சிதைவு நோய்: வகையை அறிவது ஏன் முக்கியம்?

குழந்தை அடிக்கடி விழுகிறது, மாடிப்படி ஏறத் தயங்குகிறது, தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறது என்று பெற்றோர் கூறும்போது, ‘சத்துக் குறைவு’, ‘சோம்பல்’ என்னும் விளக்கங்களே பெரும்பாலும் முதலில் கிடைக்கின்றன. டானிக்கிலும் எண்ணெய்த் தேய்ப்பிலும் காலம் கழிந்துவிடுகிறது. இவ்வறிகுறிகளுக்குத் தசைச் சிதைவு நோயும் காரணமாக இருக்கலாம்.

இது ஒரே நோயன்று. மரபணுப் பிழையால் தசை இழைகள் படிப்படியாக நலிவுறும் பல நோய்களின் பொதுப்பெயர். இது தொற்றுநோயும் அன்று. எந்த வகை என்று தெரிந்தால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்: எந்தத் தசைகள் தளரும்? எந்த உறுப்பைக் கண்காணிக்க வேண்டும்? குடும்பத்தில் வேறு யாருக்கு வரலாம்?

டுஷேன் வகை

சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. தசை இழைகளைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உடலில் உருவாகாததால் வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்குள் அறிகுறிகள் தோன்றும். கெண்டைக்கால் பருத்துக் காணப்படும். பலர் 12 வயதையொட்டி நடக்கும் திறனை இழக்கின்றனர். பின்னர் இதயமும் மூச்சுத் தசைகளும் தளர்கின்றன.

இம்மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளே பெரிதும் பாதிக்கப்படுகின்றனர். ஆனால் தாயைக் குறைகூறுவது தவறு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குழந்தைகளிடம் இப்பிழை புதிதாகவே தோன்றுகிறது, தாயிடம் இருப்பதில்லை. தாயிடம் இருப்பினும் அது அவர் தேர்ந்ததன்று.

பெக்கர் வகை

அதே புரதம் குறைவாகவோ குறையுள்ளதாகவோ உருவாவதால் வருவது. தாமதமாகத் தொடங்கி மெதுவாக முன்னேறும். நன்றாக நடப்பவருக்கும் இதயம் பலவீனமாக இருக்கலாம் என்பதால், ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனை தேவை.

இடுப்பு–தோள் வகை

லிம்ப்-கர்டில் எனப்படும் இவ்வகை ஆண், பெண் இருபாலரையும் தாக்கும். பெரும்பாலான உட்பிரிவுகளில், பெற்றோர் இருவரும் நலமாகவே இருந்து ஒரே பிழையைச் சுமந்திருப்பர்; ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் பகுதியில் இதை நினைவில் கொள்ள வேண்டும். இரத்த உறவில் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம்.

பிற வகைகள்

முகம்–தோள் வகையில் தோள்பட்டை எலும்பு சிறகுபோல் துருத்தும். உறக்கத்தில் கண்கள் முழுதும் மூடா. மயோடோனிக் வகையில் பற்றிய பொருளைக் கை எளிதில் விடாது. இளவயதிலேயே கண்புரையும் இதயத் துடிப்புக் கோளாறும் வரலாம். இவ்விரண்டிலும் பெற்றோர் ஒருவருக்கு நோய் இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பிறவி வகையில் குழந்தை பிறந்தது முதலே தசைகள் தளர்ந்திருக்கும்.

எப்படிக் கண்டறிகிறோம்?

முதற்படி சி.பி.கே. என்னும் எளிய இரத்தப் பரிசோதனை. எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகளும் தசைச் சிதைவால் உயரும். அதைக் கல்லீரல் நோய் என்று தவறாகக் கருதி மருந்துண்ணும் குழந்தைகள் உண்டு. வகையை உறுதிசெய்வது மரபணுப் பரிசோதனை. அது முடிந்த பின்னரே தாய், சகோதரி ஆகியோருக்கும் அடுத்த கருவுக்கும் உரிய ஆலோசனையைத் தெளிவாகக் கூற இயலும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. ஆயினும் செய்யக்கூடியது நிறைய உண்டு. டுஷேன் வகையில் ஸ்டீராய்டு மருந்து நடக்கும் காலத்தை நீட்டிக்கிறது. அதைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. மூட்டுகள் இறுகாதிருக்க நாள்தோறும் மென்மையான நீட்சிப் பயிற்சி வேண்டும். பாரம் தூக்குதலும் களைத்துப்போகும் அளவு பயிற்சியும் கூடா. எந்த அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், பல் சிகிச்சைக்கே ஆயினும், நோயின் வகையை மருத்துவரிடம் தெரிவியுங்கள். சில மயக்க மருந்துகள் உயிருக்கே ஆபத்தாகலாம்.

உரிமைகளும் துணையும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அங்கீகரிக்கும் 21 குறைபாடுகளுள் தசைச் சிதைவு நோயும் ஒன்று. தமிழக அரசு இந்நோயாளர்களுக்கு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. ராசிபுரம் வட்டத்தினர் இதற்கு நாமக்கல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

நமக்கு அருகே சேலத்தில், இந்நோயுடன் வாழ்ந்த சகோதரிகள் வானவன் மாதேவியும் இயலிசை வல்லபியும் ஆதவ் அறக்கட்டளையை நிறுவி, தம்மைப் போன்றோருக்குத் துணைநின்றனர். வானவன் மாதேவி 2017-இல் மறைந்தார். இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் வரும் நோய் என்றும், வந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் எண்ணுவோருக்கு அச்சகோதரிகளின் வாழ்வே மறுமொழி.

அடுத்த முறை வரும்போது பழைய பரிசோதனை முடிவுகள் அனைத்தையும், குடும்பத்தில் இத்தகைய தளர்ச்சி யாருக்கேனும் இருந்ததா என்னும் விவரத்தையும் கொண்டுவாருங்கள். நோயின் வகையை அறிய அவை எங்களுக்குப் பெரிதும் உதவும்.