500 டாலர் அபராதம், 7 லட்சம் டாலர் விடுதலை

ஹாலிவுட்டின் மௌனப்பட நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிள் ஒப்புக்கொண்ட குற்றம் ஒன்றே ஒன்று. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த 1921-இல், தன் விருந்தில் மது வைத்திருந்தார். அதற்கு அபராதம் 500 டாலர். அவர்மேல் சாட்டப்பட்ட பெரிய குற்றம், ஒரு பெண்ணின் சாவுக்குக் காரணமானார் என்பது. அதில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பான நாளில், வக்கீல்களுக்குத் தரவேண்டியிருந்த தொகை 7 லட்சம் டாலருக்கு மேல். செய்த தப்புக்குக் கட்டியதைப்போல 1,400 மடங்கு.

முதலில் வரவு. 1913-இல் மாக் சென்னட்டின் கீஸ்டோன் கம்பெனியில் அவர் சேர்ந்தபோது நாள் கூலி 3 டாலர். பத்தாண்டு முடிவதற்குள் பாரமவுண்ட் அவரோடு போட்ட ஒப்பந்தம் 3 ஆண்டுக்கு 30 லட்சம் டாலர். ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து வகுத்தால் நாளுக்கு 2,740 டாலர். அதே காலத்தில் ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நாள் கூலி 6 டாலர். நாட்டிலேயே நல்ல கூலி என்று பேர் வாங்கிய கூலி அது. அந்தத் தொழிலாளி ஆண்டுக்கு 300 நாள் உழைத்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் 7 லட்சம் டாலர் சேர 389 ஆண்டு ஆகும்.

வந்த பணம் கையில் தங்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய வீடு, வரிசையாகக் கார்கள், அவற்றில் ஒன்று கழிப்பறையே உள்ளே அமைத்த பியர்ஸ் ஆரோ. 1919-இல் வெர்னான் ஊரின் பேஸ்பால் அணிக்கு உரிமையாளராகவும் இருந்தார். 1921-இல் அவர் நடித்த படங்களில் ஒன்று ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’. குறித்த கெடுவுக்குள் பெருந்தொகையைச் செலவழித்துத் தீர்த்தால்தான் சொத்து கிடைக்கும் என்ற அந்தக் கதையை ரஜினியின் ‘அருணாசலம்’ வழியாகத் தமிழ் ரசிகர்கள் நன்றாக அறிவார்கள். ‘ப்ரூஸ்டர்ஸ் மில்லியன்ஸ்’ வெளியான ஆண்டிலேயே ஆர்பக்கிளின் சொந்தப் பணமும் கரைய ஆரம்பித்தது.

1921 செப்டம்பர் 5, தொழிலாளர் தின விடுமுறை. சான் பிரான்சிஸ்கோவின் செயின்ட் பிரான்சிஸ் ஓட்டலில் 1219, 1220, 1221 என்று மூன்று அறைகளில் விருந்து நடந்தது. அங்கே வந்திருந்த நடிகை வர்ஜீனியா ராப்பேக்கு உடல்நிலை மோசமானது. சிறுநீர்ப்பை கிழிந்து, வயிற்றுக்குள் தொற்று பரவி, செப்டம்பர் 9 அன்று இறந்தார். வயது 30. மாவட்ட அரசு வழக்கறிஞர் மாத்யூ பிராடி கொலைக் குற்றமே சாட்ட முனைந்தார். நீதிபதி அதை, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் என்று குறைத்து, 5,000 டாலர் ஜாமீனில் வெளியே விட்டார். அதற்குள் மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்பக்கிள் சிறையில் இருந்தாயிற்று.

பற்றுப் பக்கம் இங்கே தொடங்குகிறது. முதல் விசாரணை நவம்பர் 14 முதல் டிசம்பர் 4 வரை, 21 நாள். ஜூரிகள் 44 மணி நேரம் பேசியும் ஒத்துவரவில்லை. விடுதலைக்கு 10 பேர், எதிராக 2 பேர். இரண்டாவது விசாரணை 1922 ஜனவரி 11 முதல் பிப்ரவரி 3 வரை, 24 நாள். வெற்றி உறுதி என்று நம்பிய வக்கீல்கள் இந்த முறை ஆர்பக்கிளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவே இல்லை. பெரும்பான்மை அப்படியே எதிர்ப்பக்கம் புரண்டது. ஆனாலும் ஏகமனதான தீர்ப்பு கிடைக்கவில்லை. மூன்றாவது மார்ச் 13 முதல் ஏப்ரல் 12 வரை, 31 நாள். மொத்தம் 76 நாள். 7 லட்சத்தை 76-ஆல் வகுத்தால் நாளுக்கு 9,200 டாலர் வருகிறது. உச்சத்தில் இருந்தபோது அவர் வாங்கிய தினச் சம்பளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல்.

ஜூரி ஒத்துவராவிட்டால் அரசு மறுபடி விசாரணை கேட்கலாம்; ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கக் கூடாது என்ற விதி அங்கே குறுக்கே வராது. ஒவ்வொரு மறுவிசாரணையும் பிராடிக்கு அரசாங்கச் செலவு, ஆர்பக்கிளுக்குச் சொந்தச் செலவு. இந்த ஏற்றத்தாழ்வைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கணக்கைப் படிக்க முடியாது.

அந்தச் செலவு எங்கே போனது என்பதற்கு ஒரு கதவையே பார்க்கலாம். 1219-ஆம் அறையின் கதவைக் கழற்றி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெர்க்லியைச் சேர்ந்த குற்றவியல் நிபுணர் ஈ. ஓ. ஹைன்ரிச், அதில் பதிந்த கைரேகைகளைக் காட்டி, ராப்பே வெளியே போகப் பார்த்தார், ஆர்பக்கிளின் கை அவர் கைமேல் விழுந்து தடுத்தது என்றார். அதை உடைக்க எதிர்த்தரப்பு வேறு நிபுணர்களைத் தேடவேண்டியிருந்தது. அந்த அறையை நன்றாகத் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டேன் என்று ஓட்டல் பணிப்பெண் ஒருவர் சாட்சி சொன்னார். இறந்தவரின் சிறுநீர்ப்பையும் சான்றுப் பொருளாக மேசைக்கு வந்தது. உடனே மருத்துவ நிபுணர்கள் இரு தரப்பிலும் அணிவகுத்தார்கள். இவ்வளவுக்கும் முதலில் புகார் கொடுத்த மாட் டெல்மாண்ட்டை அரசுத் தரப்பு மூன்று விசாரணையிலும் ஒருமுறைகூடச் சாட்சியாக அழைக்கவில்லை. வழக்கின் அச்சாணியே இல்லாமல் மூன்று முறை தேரை ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்; வடம் பிடித்த கூலி முழுக்க எதிரியின் தலையில்.

செலவின் இன்னொரு பகுதி எனக்கு உறுத்துகிறது. ராப்பேயின் பழைய வாழ்க்கையைத் தோண்ட எதிர்த்தரப்பு சிகாகோ வரை ஆள் அனுப்பியது. அவருக்கு முன்பே இருந்த உடல்நலக் கோளாறுகளை நிரூபிப்பது வழக்குக்குத் தேவைதான். அதோடு நிற்காமல் அவருடைய நடத்தையும் நீதிமன்றத்தில் அலசப்பட்டது. ஒரு மனிதரைக் காப்பாற்றக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, பதில் சொல்ல முடியாத ஒரு பெண்ணின் பேரைக் கெடுக்கப் போனது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த நஷ்டத்துக்கு யாரும் கணக்கே எழுதவில்லை.

மூன்றாவது ஜூரிக்குத் தேவைப்பட்டது 6 நிமிடம். அதிலும் 5 நிமிடம் எழுதுவதற்குப் போனது: விடுதலை மட்டும் போதாது, இவருக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது என்று ஜூரிகள் மன்னிப்புக் கேட்கும் தோரணையில் ஓர் அறிக்கை எழுதி வாசித்தார்கள். மனமுவந்து எழுதிய தாள்தான். ஆனால் விடுதலையானவருக்கு வழக்குச் செலவை அரசு திருப்பித் தருவதில்லை. வீட்டை விற்றார், கார்களை விற்றார். அப்படியும் கடனில் ஒரு பகுதிதான் தீர்ந்தது.

இனி வராமல் போன வரவு. ராப்பே இறந்த நாளிலிருந்து விடுதலை வரை 215 நாள். ஒப்பந்தச் சம்பளப்படி பார்த்தால் சுமார் 5.9 லட்சம் டாலர். வக்கீல் கடனோடு சேர்த்தால் 12.9 லட்சம். செய்தி வெடித்ததுமே ‘கேசோலின் கஸ்’ ஓடிக்கொண்டிருந்த லாஸ் ஏஞ்சல்ஸ் தியேட்டரிலிருந்து தூக்கப்பட்டது. ஊர் ஊராகத் தடை விழுந்தது. எடுத்து முடித்த ‘லீப் இயர்’ உள்ளிட்ட படங்கள் அமெரிக்கத் திரைக்கு வராமலே பெட்டிக்குள் கிடந்தன.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு வகுத்தல் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாளுக்கு 2,740 டாலர் சம்பாதித்தவருக்கு 7 லட்சம் என்பது 256 நாள் வேலை. ஒன்பது மாதம்கூட ஆகாது. கடன் எவ்வளவு பெரிதானாலும் அடைத்துவிடக்கூடிய கடன்தான், கேமரா முன்னால் நிற்க விட்டிருந்தால்.

விடவில்லை. விடுதலையான ஆறாம் நாள், ஏப்ரல் 18 அன்று, வில் ஹேஸ் தடை போட்டார். அமெரிக்கத் தபால் துறைத் தலைவர் பதவியை விட்டுவிட்டு, ஸ்டுடியோ முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய சங்கத்துக்குத் தலைமை ஏற்க வந்தவர் அவர். 76 நாள் விசாரணையில் அரசாங்கத்தால் வாங்க முடியாத தண்டனையை, விசாரணையே இல்லாத ஓர் அலுவலகம் ஓர் உத்தரவில் கொடுத்துவிட்டது. ஆர்பக்கிளை மூழ்கடித்தது வக்கீல் பில் அல்ல, இந்த உத்தரவுதான் என்பது என் கணிப்பு. டிசம்பரில் ஹேஸ் தடையை நீக்கினார். எட்டு மாதத் தடை, காகிதத்தில். நடைமுறையில் அவரைத் தன் பெயரில் நாயகனாகப் போட எந்தப் பெரிய ஸ்டுடியோவும் பல ஆண்டுகள் முன்வரவில்லை.

கைகொடுத்தவர்களில் முதன்மையானவர் பஸ்டர் கீட்டன். 1917-இல் ‘த புச்சர் பாய்’ படத்தில் அவரை முதன்முதலாகத் திரையில் காட்டியவர் ஆர்பக்கிள். அந்த நன்றியை மறக்காமல், தன் கம்பெனியின் லாபத்தில் 35 சதவீதம் ஆர்பக்கிளுக்கு என்று கீட்டன் எழுதிக்கொடுத்தார். இந்தப் பேரேட்டில் யாரும் கட்டாயப்படுத்தாமல் வந்த வரவு இது ஒன்றுதான். பிறகு வில்லியம் குட்ரிச் என்ற பெயரில், அதாவது தன் அப்பாவின் பெயரில், குறும்படங்களை இயக்கிக் காலம் தள்ளினார். மேடை நிகழ்ச்சிகளிலும் நடித்தார். 1928-இல் கல்வர் சிட்டியில் ‘பிளான்டேஷன்’ என்று இரவு விடுதி ஒன்றும் நடத்திப் பார்த்தார்.

1932-இல் வார்னர் பிரதர்ஸ் ஆறு இரண்டு ரீல் படங்களுக்கு அழைத்தது. சொந்தப் பெயர், சொந்த முகம், இந்த முறை குரலும் உண்டு. ஒரு படம் 20 நிமிடம் அளவு. ஆறும் சேர்ந்து இரண்டு மணி நேரம், ஒரு முழுநீளப் படத்தின் அளவு. ஆறாவது படத்தின் படப்பிடிப்பு 1933 ஜூன் 28 அன்று முடிந்தது. மறுநாள் முழுநீளப் படம் ஒன்றுக்கு வார்னர் ஒப்பந்தம் போட்டது. அன்றிரவு தூக்கத்திலேயே மாரடைப்பால் இறந்தார், வயது 46. ஆறில் மூன்று படங்கள்தான் அதுவரை வெளியாகியிருந்தன.