சிறுமூளையில் ஒரு சிட்டிகை அமைதி

மூளையின் மொத்த எடையில் சிறுமூளையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். ஆனால் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி அங்கேதான் குடியிருக்கின்றன. கால் இடறாமல் நடக்கிறோம், தலையைத் திருப்பினாலும் பார்வை கலங்குவதில்லை என்றால், அது சிறுமூளையின் காவல்.

இவ்வளவு பெரிய கூட்டத்துக்கு நார்எபிநெஃப்ரின் என்னும் வேதிப்பொருளை வழங்குவது, மூளைத்தண்டில் நீலம் பூத்துக் கிடக்கும் லோகஸ் செருலியஸ் என்னும் சின்னஞ்சிறு முடிச்சு. இரு பக்கமும் சேர்த்து அதில் சில பத்தாயிரம் செல்களே உண்டு. அவைதாம் பெருமூளை முதல் தண்டுவடம் வரை இழை நீட்டுகின்றன. படைத்தவனின் சிக்கனத்தை எண்ணினால் கை தானாகக் குவிகிறது.

அந்த வேதிப்பொருள் சிறுமூளையில் செய்யும் வேலை அதைவிட வியப்பு. 1837-இல் புர்கின்யே என்னும் அறிஞர் கண்டு சொன்ன பெரிய செல்கள்தாம் சிறுமூளைப் புறணியிலிருந்து செய்தியை வெளியே கொண்டுபோகும் ஒரே வழி. ஒவ்வொன்றின் கிளைகளிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். சும்மா இருக்கும்போதும் அவை ஓயாமல் துடிக்கும். 1970-களில் புளூம், ஹாஃபர், சிகின்ஸ் முதலிய ஆய்வாளர்கள் நார்எபிநெஃப்ரின் இந்தத் துடிப்பைத் தணிப்பதைக் கண்டார்கள். அப்படியானால் செல் மந்தமாகிவிட வேண்டுமே? இல்லை! வெறும் துடிப்புதான் அடங்கியது; வந்து சேரும் செய்திக்கான பதில் முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தது. கல்யாண வீட்டு இரைச்சல் சற்றே தணிந்தால், அருகிலிருப்பவர் மெல்லச் சொல்வதும் காதில் விழுமே, அப்படி.

புதிதாகக் கற்பதற்கு இந்த அமைதி வேண்டியிருக்கிறது. சிறுமூளையில் நார்எபிநெஃப்ரினைக் குறைத்த எலிகள், குச்சிகளின்மேல் ஏற்கெனவே பழகிய ஓட்டத்தை மறக்கவில்லை. அந்தக் குச்சிகளின் இடைவெளியை மாற்றி வைத்தபோது, அவற்றின்மேல் ஓடப் பழகத்தான் திணறின. முதிய எலிகளிலோ யாரும் எதையும் குறைக்க வேண்டியதில்லை. இந்த வேதிப்பொருளுக்குச் சிறுமூளை காட்டும் இணக்கம் வயதோடு தானே தேய்கிறது. அது அதிகம் தேய்ந்த எலிகளே கற்பதிலும் பின்தங்கின.

எலிக்குக் கண்டதை அப்படியே மனிதருக்குச் சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் வீட்டில் முதியவர் ஒருவர் புதிய கைவேலை எதையேனும் பழக முயன்று தடுமாறினால், அவசரப்படுத்தாமல் இன்னொரு முறை பொறுமையாகக் காட்டிக் கொடுங்கள்.